அஞ்சு ஸ்டார்னா, எந்த வருஷத்து அஞ்சு ஸ்டார்?

போன கோடையில ஒரு செகண்ட் ஹேண்ட் ஏசி வாங்கினேன். ஒன்றரை டன், அஞ்சு ஸ்டார், புதுசுல பாதி விலை. பெரிய சாமர்த்தியம்னு நினைச்சேன். கரண்ட் பில் வந்த அப்புறம்தான் அந்த ஸ்டிக்கரை முழுசா படிச்சேன். வருஷம் 2014.

அந்த ஸ்டிக்கருக்கு ஒரு வரலாறு இருக்கு. 2001-ல எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் அதை நடத்த பிஇஇ-ங்கிற மத்திய அமைப்பு உருவானது. 2006-ல ஸ்டார் லேபிள் அறிமுகம். 2010-லேர்ந்து ஏசிக்கு அது கட்டாயம்.

அப்போ அளவுகோல் இஇஆர். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பத்தை வெளியேத்துதுங்கிற கணக்கு. 2010-ல 3.1 இருந்தா அஞ்சு ஸ்டார். 2014-ல அதுக்கு 3.5 தேவைப்பட்டது.

ஆனா இந்தச் சோதனை, வெளியே 35 டிகிரி, ஏசி முழு வேகம்னு ஒரே நிலைமையில நடந்தது. இன்வெர்ட்டர் ஏசியோட பலமே, அறை குளிர்ந்ததும் கம்ப்ரெஸ்ஸர் வேகத்தைக் குறைச்சுக்கிறதுதான். அது இந்தக் கணக்குல தெரியவே தெரியாது. அதனாலதான் ஐஎஸ்இஇஆர் வந்தது. இந்திய வெயிலோட ஏற்ற இறக்கத்தை வச்சு, வருஷத்துக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்குக் கணக்கு போடுற முறை. 2018-ல இது கட்டாயமாச்சு; அஞ்சு ஸ்டாருக்கு 4.5 வேணும். 2022 ஜூலையில அதுவே 5 ஆனது. முந்தின நாள் வரைக்கும் 4.5 வாங்கி அஞ்சு ஸ்டாரா இருந்த ஏசி, மறுநாள் நாலு ஸ்டார். மெஷின் மாறல, பரீட்சைதான் கடினமாச்சு.

ஆக, எனக்கு வித்தவர் பொய் சொல்லல. ஸ்டார் உண்மைதான், காலாவதியான உண்மை.

இதுல காசு எங்க இருக்கு? ஐஎஸ்இஇஆர் 3.5 உள்ள ஏசி 100 யூனிட் இழுத்துச் செய்ற வேலையை, 5 உள்ளது 70 யூனிட்ல முடிச்சிடும். ராத்திரி பூரா ஓடுற வீட்டுக்கு அந்த 30 யூனிட் பெரிய தொகை. வருஷத்துல ரெண்டு வாரம் மட்டும் போடுறவங்களுக்கு, கூடுதலா கொடுத்த விலை திரும்பி வராமலே போகலாம்.

அதனால கடையில ஸ்டாரை எண்ணாதீங்க. லேபிள்ல இருக்கிற வருஷம், ஐஎஸ்இஇஆர், வருடாந்திர யூனிட், இந்த மூணையும் பாருங்க. நான் லேபிளை முழுசா பார்த்தேன், காசு கொடுத்த அப்புறம்.