கூடலூர் ஈட்டியும் கிட்டாரின் முதுகும்

நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கிட்டார் பித்துப் பிடித்தவர்கள். அவர் சென்னையில் மெல்லிசைக் குழுக்களில் ரிதம் வாசித்தவர். நான் நீலகிரி கூடலூரில் சர்ச் பாட்டுக்குழுவில் கற்றுக்கொண்டவள். இருவருக்குமே வயர் செருகாமல் வாசிக்கிற அக்கூஸ்டிக்தான் கிட்டார். அதில் சண்டை இல்லை. முதுகுப் பலகை எந்த மரம் என்பதில்தான் இத்தனை வருடச் சண்டை. "ரோஸ்வுட் இல்லாட்டி பேஸ் எங்கேருந்து வரும்?" என்பார். அவர் ரோஸ்வுட் என்பது எங்கள் ஊர் ஈட்டி, சமவெளிக்காரர்களுக்குத் தோதகத்தி. அதனால் இந்த விஷயத்தில் எனக்குப் பிறந்த வீட்டுப் பாசமும் உண்டு, கோபமும் உண்டு.

ஈட்டி கிட்டாருக்குள் நுழைந்ததற்குக் காரணம் பிரேசில். சாக்சனியில் கிட்டார் செய்துகொண்டிருந்த சி.எஃப். மார்ட்டின் 1833ல் கப்பலேறி நியூயார்க் வந்தார். சில வருடங்களில் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார். அவர் கம்பெனி 1920களில் குடல் நரம்பை விட்டு உலோகக் கம்பிக்கு மாறியது. 1931ல் இடுப்பு அகன்ற டிரெட்நாட் வடிவம் அவர்கள் பெயரிலேயே வந்தது. ஆறு கம்பியும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். அதைத் தாங்கியபடியே அதிர வேண்டிய முன்பலகை ஸ்புரூஸ். உயர்ந்த ரகங்களில் முதுகும் பக்கங்களும் பிரேசில் ரோஸ்வுட். பிறகு பிரேசில் அரசு, மரத்தை முழுத் தடியாக வெளியே விட மாட்டேன், இங்கேயே அறுத்துத்தான் அனுப்புவேன் என்றது. 1969ல் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மற்ற கம்பெனிகளும் அதே வழியில் வந்தன. பிரேசில் மரத்தின் பன்னாட்டு வியாபாரத்துக்கே 1992ல் பூட்டு விழுந்துவிட்டது.

டிரெட்நாட்டின் முதுகு அகன்ற இடத்தில் நாற்பது சென்டிமீட்டர் இருக்கும். ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து, புத்தகம் போல விரித்து நடுவில் ஒட்டுவார்கள். பாதிக்கு இருபது சென்டிமீட்டர் அகலம், ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் கனம், கோடுகள் நேராக ஓட வேண்டும், முடிச்சு கூடாது. இளமரத்தில் இது கிடைக்காது. எங்கள் பக்கம் காபித் தோட்டங்களில் நிழலுக்கு விட்டுவைத்த ஈட்டிகள்தான் அந்தப் பருமனுக்கு வந்திருந்தன.

என் அப்பா அப்படி ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. ஒவ்வொரு ஈட்டியின் மேலும் தாரில் எண் எழுதியிருக்கும். மரம் குறைந்தால் கணக்கு அவர் தலையில் விடியும் என்பதால், எங்கள் பெயர்களைவிட அந்த எண்கள் அவருக்கு நன்றாக நினைவிருந்தன. ஆனால் அந்த மண் யாருடையது என்று கேட்டால் பதில் சிக்கல். கூடலூர் நிலம் பெரும்பாலும் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்மம், அதாவது பரம்பரைச் சொத்து. மார்ட்டின் மரம் மாற்றிய அதே 1969ல்தான் தமிழ்நாடு அரசு கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. குத்தகைத் தோட்டங்களின் நிலை இழுபறியாகவே கிடந்தது. இழுபறியான நிலத்தில் முதலில் காணாமல் போவது விலை உயர்ந்த மரம். ஈட்டியைப் பட்டா நிலத்தில்கூட அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று 1994ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. மறுவருடம் அதே கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகளில் நடக்கும் மரவெட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12ல் வந்த உத்தரவு, யார் சொத்தாக இருந்தாலும் காடு காடுதான் என்று நாடு முழுவதையும் கட்டிப்போட்டது. இன்றும் இந்தியாவில் வன வழக்கு என்றால் அவர் பெயர் வராமல் இருக்காது. எங்கள் ஊரிலோ, வீட்டுக் கூரைக்கு ஒரு கிளை வெட்டவும் பயம் என்ற புலம்பலோடுதான் அந்தப் பெயர் வரும். இரண்டுமே உண்மை.

இவ்வளவும் எதற்காக? நாற்காலிக்கும் கட்டிலுக்கும் போனதோடு பார்த்தால் கிட்டாருக்குப் போனது கொசுறுதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கொசுறுக்காவது தேவை இருந்ததா? ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ டோரஸ், இன்றைய கிளாசிகல் கிட்டாரின் உருவத்தை நிலைநிறுத்தியவர், 1862ல் ஒரு கிட்டார் செய்தார். முன்பலகை நல்ல ஸ்புரூஸ். முதுகும் பக்கங்களும் காகித அட்டைக் கூழ். நாதம் முன்பலகையில் இருக்கிறது என்று காட்டத்தான் செய்தார். அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதைச் சொன்னால் அவர், "அட்டைல செஞ்சத யாரு மேடைல தூக்கிட்டுப் போனா?" என்பார். அதனால் 2018ல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வையும் எடுத்து வைத்தேன். முதுகு, பக்க மரம் தவிர மற்றெல்லாம் ஒரே மாதிரியான ஆறு கிட்டார்கள். பிரேசில், இந்திய ரோஸ்வுட் இரண்டோடு மஹோகனி, மேப்பிள், வால்நட் எல்லாம் அதில் உண்டு. 52 கலைஞர்கள் மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசித்து மதிப்பெண் போட்டார்கள். விலை உயர்ந்த மரத்துக்கென்று தனி உயர்வு எதுவும் தெரியவில்லை. படித்துவிட்டு அன்று சாயங்காலம் முழுக்க அவர் தன் ரோஸ்வுட்டையே வாசித்துக்கொண்டிருந்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக.

வெட்டிய மரத்தை வெறுப்பவள் இல்லை நான். அந்தக் கிட்டாரின் முதுகில் ஓடும் ஊதா கலந்த பழுப்புக் கோடுகளைத் துடைப்பது நான்தான். கண்ணுக்காக வாங்கினோம் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன், அவ்வளவே. 2017ல் ரோஸ்வுட் இனம் முழுவதற்கும் ஏற்றுமதி அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. கம்பெனிகள் வேறு மரங்களைத் தேடின. 2019ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. நடுவில் விற்ற பல கிட்டார்களுக்கு முதுகு வேறு மரம். அதற்காக யாரும் வாசிப்பை நிறுத்தவில்லை.

அடுத்த கிட்டார் பற்றிப் பேச்சு நடக்கிறது. தஞ்சாவூரில் வீணை செய்ய ஆகிற பலா, கிட்டார் முதுகுக்கு ஆகாதா என்று கேட்டேன்.

"செய்யலாம். அப்புறம் நீ மடியில வெச்சு ஆரபி கேட்ப," என்றார்.

பலாப்பலகை விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.