ஈரநில நகரம் பிறந்த கதை

கொழும்பின் கொம்பனித்தெருவில் மழை விட்டதும் முதலில் மூக்கை எட்டுவது பேர வாவியின் வாடைதான். போர்த்துக்கேயர் கோட்டையைக் காக்க நீரைத் தேக்கிய இடம் அது. ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்து வைத்ததும் இந்தக் கரையில்தான். ஒருகாலத்தில் 165 ஹெக்டேயர் பரந்திருந்த வாவி இன்று 65 ஹெக்டேயர். மிச்சத்தின் மேல் கட்டடம் நிற்கிறது, நாங்கள் நடக்கிறோம்.

கொழும்பைச் சுற்றியிருந்த சதுப்புகளுக்கும் இதே கதிதான். 1968இல் தாழ்நிலங்களை ‘மீட்க’ச் சட்டம் போட்டு ஒரு சபையே அமைத்தார்கள். மீட்பு என்றால் மண் நிரப்புவது. சேற்றைப் பகையாக எண்ணிய காலத்தின் சொல் அது.

சதுப்பு குறைய, நீருக்குப் போக்கிடமும் குறைந்தது. 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில், தியவன்னா ஓயாவின் நடுவே ஜெப்ரி பாவா வடிவமைத்த நாடாளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் ஏறியது. ‘தோட்டம்’ எனப்படும் நகரச் சேரிகளில் வாழும் சனத்தின் வீடுகள் வருடந்தோறும் மூழ்கியபோது அசையாத கோப்புகள் அதன்பிறகே அசைந்தன என்பது என் எண்ணம்.

2012இல் உலக வங்கிக் கடனோடு மாநகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டவர்கள், கால்வாயோடு சதுப்பும் நீரைத் தாங்குவதைக் கண்டார்கள். எஞ்சிய சதுப்பும் போனால், கொழும்பின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஒரு சதவீதம் ஆண்டுதோறும் வெள்ளச் சேதமாய்ப் போகும் என்று மதிப்பிட்டார்கள். சதுப்பில் வாழும் மீன்பிடிப் பூனைக்காகப் பேசியவர்களுக்குக் கிடைக்காத செவி, அந்த எண்ணுக்குக் கிடைத்தது.

2016இல் ஈரநில முகாமைத்துவ உபாயத்திட்டம் வந்தது. அது ஒரு குளத்தையோ பூங்காவையோ மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மாநகரின் சுமார் 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலத்தையும் ஒரே உடம்பாகப் பார்த்தது. ஓரிடத்தில் டிப்பர் கொட்டும் மண், இன்னோரிடத்தில் யாருடைய வாசற்படியையோ நனைக்கும். இதை அரச கொள்கையாக்கியதுதான் ஈரநில நகரத்தின் உண்மையான பிறப்பு என்பேன். 1968இன் சபை வழிவந்த கூட்டுத்தாபனமே இன்று தலவத்துகொடையில் தியசரு ஈரநிலப் பூங்காவைப் பராமரிக்கிறது. நிரப்பிய நிறுவனத்திலேயே காப்பதும் ஓர் உத்தியோகமாகிவிட்டது!

2018 ஒக்டோபரில், துபாயில் கூடிய, ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின் மாநாடு உலகின் முதல் 18 ஈரநில நகரங்களை அறிவித்தது. கொழும்பும் அவற்றில் ஒன்று. ஆறு வருடங்களுக்கு மட்டுமே அந்த அங்கீகாரம் செல்லும். அந்தத் தவணை முடியும்போதெல்லாம், சதுப்பு இன்னும் சதுப்பாக இருக்கிறதா என்று மறுபடி பார்ப்பார்கள்.