ஆண்செடியும் பெண்செடியும்

பனையுள் ஆணும் பெண்ணும் உண்டென்பதைத் தமிழர் தொன்றுதொட்டு அறிவர். புதர்ச்செடிகள் பலவற்றிற்கும் இவ்வேறுபாடு உண்டு. கண்டியை அடுத்த பேராதனையில் 1821 ஆம் ஆண்டு தாவரத் தோட்டம் நிறுவப்பெற்றது. அதன் கண்காணிப்பாளராயிருந்த அலெக்சாந்தர் மூன் 1824 இல் வெளியிட்ட இலங்கைத் தாவரப் பட்டியல் இலின்னேயசின் முறையைத் தழுவியது. ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு செடிகளிற் பூப்பனவற்றை அம்முறை தனி வகுப்பாக்கி, 'இரண்டு வீடு' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரால் வழங்கியது.

ஆயின், மேயும் விலங்கு இரண்டு வீட்டிலும் ஒப்ப உண்ணுமா? பட்டியல்கள் இதற்கு விடை கூறா. அவுஸ்திரேலிய வறள்நிலத்து உவர்ப்புதரைப் பற்றி 1978 இல் வெளிவந்த ஆய்வுகள், செம்மறியாடுகள் பெண்செடிகளையே மிகுதியாக மேய்ந்தமையைக் காட்டின. வட ஐரோப்பிய வில்லோக்களிலோ ஆணே பெரிதும் கொறிக்கப்பட்டது. எனவே எங்கும் பொருந்தும் விதி ஒன்றில்லை, விளைவோ வேறுபடும். எஞ்சிய சில ஆண்செடிகளின் மகரந்தம் பல பெண்செடிகளுக்குப் போதுமாகலாம். பெண்செடி அழியின் விதையும் உடன் அழியும்.

ஆதலின், கண்டி மலைச்சாரலில் மாடு மேயும் புதர்களை ஆராயப் புகும் மாணவர், செடிகளின் தொகையை மட்டும் எண்ணுதல் போதாது; ஆணையும் பெண்ணையும் பிரித்தெண்ணுதல் வேண்டும். காய்க்கும் செடி அருகிய புதர்க்காடு இன்று பசுமையாய்த் தோன்றினும் நாளை வழித்தோன்றலின்றி ஒழியும்.