எங்கள் வேர்வைக்குக் கணக்கு

மாதவிடாய் நின்றுபோவதற்கு 'மெனோபாஸ்' என்று 1821இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் கார்தான். உடம்பில் குப்பென்று ஏறும் சூட்டுக்கும் வேர்வைக்கும் சினைக்குதிரை மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942இல் அமெரிக்காவில் வந்தது. இந்த வரலாற்றில் எங்கள் பெண்களைத் தேடினேன்.

2019இல் மகாராஷ்டிர அரசுக் குழு பீட் மாவட்டத்தில் விசாரித்த 82,309 கரும்பு வெட்டும் பெண்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. பலர் தலித்துகள், நாடோடிச் சாதியினர். தூரமென்று ஒருநாள் நின்னா மேஸ்திரிக்கு அபராதம் கட்டணும். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தால், ஐம்பதை ஒட்டி வரவேண்டிய சூடு முப்பதிலேயே திடுமென ஏறும். தலையில தண்ணி ஊத்திக்கிட்டு மறுபடி கத்தியப் பிடிக்கணும்.

வெயில்ல வேலை செஞ்சா வேர்க்கத்தானே செய்யும் என்பார்கள். இது வெயிலின் வேர்வையல்ல. கூலிக்காக அறுக்கப்பட்ட உடம்பின் வேர்வை. அப்படித்தான் இதை எழுதவேண்டும்.