சரயேவோவின் தகர டப்பா: உண்ணக் கொடுப்பதன் ஒழுக்கம்

போஸ்னியா நாட்டின் தலைநகரான சரயேவோவில், வரலாற்று அருங்காட்சியகத்தின் பின்புறம், 2007ஆம் ஆண்டு ஒரு நினைவுச் சின்னம் நிறுவப்பட்டது. பீடத்தின் மீது நிற்பது மன்னர் சிலையும் அன்று, தளபதி சிலையும் அன்று. மாட்டிறைச்சி அடைத்த ஒரு தகர டப்பாவின் பெரிய உருவம் அது. ‘இகார்’ என்னும் பெயர் கொண்ட அந்த டப்பாவை வடித்தவர் நெபோய்ஷா ஷெரிச் ஷோபா என்னும் கலைஞர். நன்றியுள்ள சரயேவோ குடிமக்கள் சர்வதேச சமூகத்திற்கு எழுப்பிய சின்னம் இது என்ற பொருளில் பீடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நன்றி என்று எழுதியிருந்தாலும், அது நன்றி அன்று என்பதை அந்நகரத்தார் அனைவரும் அறிவர்.

பசித்திருந்த மக்களுக்கு இலவசமாக வந்த உணவு அது. அதை உண்டு உயிர் பிழைத்தவர்களே அதைக் கேலிப்பொருளாக்கிச் சிலையும் வைத்தது ஏன்? நன்றி மறந்தவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிடலாமா? விடை காண, இந்தத் தகர டப்பாவின் வரலாற்றிலிருந்து நாம் தொடங்க வேண்டும்.

டப்பா உணவு போர்க்களத்திற்காகப் பிறந்தது. நெப்போலியன் காலத்துப் பிரான்சில், படைகளுக்கு நெடுநாள் கெடாத உணவு தேவைப்பட்டது. நிக்கோலா அப்பேர் என்னும் சமையற்கலைஞர் கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, கொதிநீரில் வேகவைக்கும் முறையைக் கண்டறிந்தார். 1810ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டியூராண்ட் என்பவர் தகரக் கலங்களில் உணவைப் பாதுகாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1813இல் இலண்டனில் பிரையன் டான்கினும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய தொழிற்சாலையிலிருந்து தகர டப்பா இறைச்சி பிரிட்டிஷ் படைகளுக்குச் செல்லத் தொடங்கியது. டப்பாவைத் திறக்கும் கருவி வர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை உளியும் சுத்தியலும்தாம் துணை.

வெறுப்பும் விரைவிலேயே பிறந்தது. 1852இல் பிரிட்டிஷ் கடற்படையினர், கோல்ட்னர் என்னும் ஒப்பந்தக்காரர் அனுப்பிய டப்பாக்களைத் திறந்து சோதித்தனர். திறந்தவை 306; உண்ணத் தகுந்தவை 42 மட்டுமே. மற்றவற்றிலிருந்து எழுந்த துர்நாற்றம் தாங்க முடியாததாக இருந்தது. குறைந்த விலைக்கு ஒப்பந்தம், கப்பலில் இருப்பவன் எதையும் உண்பான் என்ற எண்ணம் ஆகிய இரண்டும் அந்த டப்பாக்களில் அடைபட்டிருந்தன. மலிவு என்பது வேறு, அலட்சியம் என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

ஆயினும் மலிவான டப்பா இறைச்சியை விரும்பி ஏற்ற மக்களும் உண்டு. 1937இல் அமெரிக்காவின் ஹோர்மெல் நிறுவனம் ‘ஸ்பாம்’ என்னும் டப்பாவை வெளியிட்டது. அது பன்றி இறைச்சி, நமக்கு ஹராமானது. எனினும் அதன் வரலாற்றில் நமக்குப் பாடம் உண்டு. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரின்போதும் அதன் பின்னரும், பட்டினி கிடந்த கொரிய மக்கள் அமெரிக்கப் படைமுகாம்களிலிருந்து கிடைத்த டப்பா இறைச்சியைத் தங்கள் காரமான குழம்பில் இட்டுச் சமைத்தனர். ‘படைமுகாம் குழம்பு’ என்று பொருள்படும் பெயரில் இன்றும் அது உணவகங்களில் விரும்பி உண்ணப்படுகிறது. அந்த டப்பாக்கள் அழகிய பெட்டிகளில் அடுக்கப்பட்டு, கொரியாவின் அறுவடைத் திருநாளில் அன்பளிப்பாகவும் வழங்கப்படுகின்றன. ஆக, டப்பா இறைச்சி என்பதாலேயே அது வெறுக்கப்படுவதில்லை. நாவின் விருப்பும் வெறுப்பும் பழக்கத்தையும் நினைவையும் சார்ந்து மாறுகின்றன.

இதை நம் மார்க்கமும் அறிந்தே பேசுகிறது. பாலைவன உடும்பின் இறைச்சி முன்னால் வைக்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கையை விலக்கிக்கொண்டார்கள். அது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் வினவினார்கள். இல்லை, தம் சமூகத்தார் வாழும் பகுதியில் அது காணப்படுவதில்லை, ஆதலால் தமக்கு அதில் விருப்பமில்லை என்று நபியவர்கள் பதிலளித்தார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காலித் (ரலி) அதை உண்டார்கள். நபியவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை என்றும், விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்றும் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். விருப்பமின்மை பாவமன்று. பழித்தல்தான் தவிர்க்கப்பட வேண்டியது.

அவ்வாறாயின் சரயேவோ மக்கள் உணவைப் பழித்தார்கள் என்று நாம் கொள்ளலாமா? அவர்கள் பட்ட பாட்டை அறிந்த பின்னரே அதைச் சொல்ல வேண்டும்.

1992 ஏப்ரலில் தொடங்கிய சரயேவோ முற்றுகை 1996 பிப்ரவரி வரை 1,425 நாள்கள் நீடித்தது. சுற்றியிருந்த மலைகளிலிருந்து பீரங்கிகளும், மறைந்திருந்து சுடுவோரின் துப்பாக்கிகளும் நகரைக் குறிவைத்தன. மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் மின்சாரமும் குடிநீரும் இன்றி அடைபட்டனர். 1994 பிப்ரவரி 5ஆம் நாள் மர்க்காலே சந்தையில் விழுந்த ஒரே குண்டு 68 உயிர்களைப் பறித்தது. முற்றுகையில் மாண்டோரின் நினைவாக 2012இல் நகரின் பெருந்தெருவில் 11,541 சிவப்பு நாற்காலிகள் வெறுமையாக வைக்கப்பட்டன.

இந்நகரத்திற்கு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பொறுப்பில் 1992 ஜூலை முதல் 1996 ஜனவரி வரை வானூர்திகள் உணவு கொண்டுவந்தன. 12,000க்கும் மேற்பட்ட பயணங்களில் ஏறத்தாழ 1,60,000 டன் பொருள்கள் வந்து இறங்கின. பெர்லின் நகருக்கு 1948இல் தொடங்கி நடந்த வான்வழி உதவியைவிட நெடுங்காலம் நீடித்த உதவி இது. அதனால் பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன என்பதில் ஐயமில்லை. அதைக் கொண்டுவருகையில் உயிர்நீத்த விமானிகளும் உண்டு. இதை மறைத்து வரலாறு எழுதுவது நீதியாகாது.

ஆனால் அந்த உதவிப் பொருள்களிடையே வந்த ‘இகார்’ டப்பாவை நாயும் பூனையும்கூட முகர்ந்து பார்த்துவிட்டு விலகிச் செல்லும் என்பது அந்நகரத்தார் இன்றும் சொல்லும் பேச்சு. பல ஆண்டுகளுக்கு முன்பே காலாவதியான உணவு வந்ததையும், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இடத்திற்குப் பன்றி இறைச்சி டப்பாக்கள் வந்ததையும் அவர்கள் நினைவுகூர்கின்றனர். நிர்ப்பந்தத்திற்கு உள்ளானவர் மீது குற்றமில்லை என்று அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனம் சலுகை அளிக்கிறது. அச்சலுகை பசித்தவனுக்கு உரியது. அவனுடைய நிர்ப்பந்தத்தைக் காட்டி எதை வேண்டுமானாலும் அவன் தட்டில் இடலாம் என்று கொடுப்பவனுக்கு அது உரிமை தரவில்லை.

அவர்களுடைய கசப்புக்கு இன்னோர் ஆழமான காரணமும் உண்டு. 1991இலேயே ஐ.நா. பாதுகாப்பு அவை யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஆயுதத் தடை விதித்திருந்தது. பழைய இராணுவத்தின் பீரங்கிகள் முற்றுகையிட்டோர் கையில் இருந்தன. தற்காத்துக்கொள்ள ஆயுதம் வாங்கும் வழி முற்றுகைக்கு உள்ளானோருக்கு அடைக்கப்பட்டது. 1993இல் சரயேவோ ‘பாதுகாப்புப் பகுதி’ என அறிவிக்கப்பட்ட பிறகும் குண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. விமான ஓடுதளத்தின் அடியில் ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்திற்குச் சுரங்கம் தோண்டித்தான் அம்மக்கள் வெளியுலகோடு தொடர்பு கொண்டனர். கொலையைத் தடுக்காத உலகம் டப்பாவை அனுப்பியது. அந்த இறைச்சியை நாக்கு வெறுத்தது சிறிய செய்தி. உள்ளம் வெறுத்ததுதான் சிலையாக நிற்கிறது.

உண்ணக் கொடுப்பது எப்படி என்பதை அந்நகரம் நெடுங்காலமாகவே அறிந்திருந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் உஸ்மானிய ஆளுநர் காஸி ஹுஸ்ரெவ் பேக் அங்கே பெரும் பள்ளிவாசலையும் 1537இல் மத்ரஸாவையும் நிறுவி, தம் சொத்துகளை வக்ஃப் செய்தார். அந்த வக்ஃபில் ‘இமாரத்’ என்னும் அன்னசாலையும் இருந்தது. ஏழைகளும் வழிப்போக்கரும் மாணவரும் அங்கே உணவு பெற்றனர். அத்தகைய மரபில் வந்தவர்கள், கொடுப்பவன் முகத்தைக் கொண்டே உணவின் சுவையை அறிவார்கள்.

நெடுநாள் வைத்து உண்ணும் எளிய இறைச்சியை இஸ்லாம் இழிவாகக் கருதவில்லை. நம் வீடுகளில் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் கொடியில் காயும் உப்புக்கண்டத்தைத்தான் அரபியர் ‘கதீத்’ என்றனர். தம் முன்னால் அச்சத்தால் நடுங்கிய ஒரு மனிதரை நபி (ஸல்) அவர்கள் ஆறுதல்படுத்தியபோது, தாம் மன்னரல்லர், கதீத் உண்டுவந்த ஒரு பெண்ணின் மகன் என்று கூறியதாக இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. மதீனாவில் ஏழைகள் பசியோடு வந்து குவிந்த ஓர் ஆண்டில், குர்பானி இறைச்சியை மூன்று நாள்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்தார்கள். நெருக்கடி நீங்கிய பின்னர், உண்ணுங்கள், தர்மம் செய்யுங்கள், சேமித்தும் வையுங்கள் என்று அனுமதித்தார்கள். சேமிப்பதா கூடாதா என்பதை அங்கே முடிவு செய்தது பசித்தவரின் நிலைதான்.

இம்மரபின் நீட்சியை இந்தோனேசியாவில் காணலாம். அங்குள்ள ‘ரூமாஹ் ஸகாத்’ அமைப்பு, குர்பானி இறைச்சியைப் பக்குவப்படுத்தி டப்பாக்களில் அடைத்து, பேரிடர் காலங்களில் வழங்குகிறது. இதுவும் தகர டப்பாதான். ஆனால் அதனுள் இருப்பது ஹலாலானது. கொடுப்பவரும் தம் வீட்டில் உண்ணக்கூடியது. பெறுபவரின் நாவு அறிந்தது.

கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்களே வாங்க விரும்பாத மட்டமான பொருளை அறவழியில் செலவிட நாடாதீர்கள் என்ற கருத்தை அல்பகராவின் 267ஆம் வசனம் போதிக்கிறது. அதே உடும்பு இறைச்சியைப் பற்றி இன்னோர் அறிவிப்பும் முஸ்னத் அஹ்மதில் உண்டு. நபியவர்கள் உண்ணாத அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாமா என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, நீங்கள் உண்ணாததை அவர்களுக்கு உண்ணக் கொடுக்க வேண்டாம் என்னும் கருத்துப்பட நபியவர்கள் மறுத்தார்கள். உணவைக் குறை கூறாதிருத்தல் உண்பவருக்கு உரிய ஒழுக்கம். தாம் உண்ணாததைக் கொடாதிருத்தல் கொடுப்பவருக்கு உரிய ஒழுக்கம். முதல் ஒழுக்கத்தைப் பிறரிடம் எதிர்பார்த்து, இரண்டாம் ஒழுக்கத்தை நாம் கைவிடுவது நேர்மையன்று.

சரயேவோ தொலைவில் இருக்கலாம். பாடம் தொலைவில் இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில், யாரும் எடுக்காத பழந்துணிகள் குவிந்து கிடந்ததை நம்மில் பலர் அறிவோம். வெள்ள நிவாரணத்திற்கும் ரமழான் பைகளுக்கும் நம் மஹல்லாக்களில் பொருள் திரட்டும்போது, எது மலிவு என்று பார்ப்பதில் தவறில்லை. வசதி குறைந்தவரின் எளிய ஸதகாவும் அல்லாஹ்விடம் பெரிதே. ஆனால் அந்த அரிசி நம் அடுப்பில் ஏறுமா, அந்தப் பேரீச்சம்பழத்தைக் கொண்டு நாம் நோன்பு திறப்போமா, பையின் மேல் அச்சிட்ட தேதி கடந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அது நம் வாசலைக் கடக்க வேண்டும்.

வாங்கும் கை தாழ்ந்துவிடாதபடி கொடுக்கும் பண்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.