வானத்து நட்சத்திரமும் வயிற்று ரத்தக்குழாயும்: டாப்ளர் ஸ்கேன் வந்த கதை

1) சாப்பிட்ட அரைமணி நேரத்தில் வயிறு பிசைந்து வலிக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே அடங்கும். வலிக்குப் பயந்தே சாப்பாட்டைக் குறைப்பார்கள், எடை இறங்கிக்கொண்டே போகும். எண்டோஸ்கோப்பி நார்மல், வயிற்று ஸ்கேனும் நார்மல். உங்க வீட்டில் இப்படி யாராவது இருந்தால் இதைக் கட்டாயம் படிங்க.

2) குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் கொழுப்பு படிந்து சுருங்கினால் இப்படி ஆகலாம். செரிமான நேரத்தில் குடலுக்கு ரத்தம் அதிகம் வேணும். அது பத்தாதபோது வலிக்குது.

3) இந்தச் சுருக்கத்தை எப்படிப் பார்ப்பது? 1929-ல் லிஸ்பனில் டாஸ் சான்டோஸ் என்ற மருத்துவர், முதுகு வழியா மகாதமனிக்குள் ஊசி குத்தி மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். ரத்தக்குழாய் தெரிந்தது. ஆனால் ஊசி இல்லாமல் முடியாது.

4) ஊசி இல்லாத வழிக்கு விதை விழுந்தது 1842-ல், பிராக் நகரில். இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தை விளக்க முயன்ற கிறிஸ்டியன் டாப்ளர், நகரும் பொருளில் இருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்றார். நட்சத்திர நிறம் பற்றிய அவர் விளக்கம் தப்பு. தத்துவம் சரி!

5) 1845-ல் நெதர்லாந்தில் பைஸ் பாலட், ஓடும் ரயிலில் டிரம்பெட் வாசிக்க வைத்து ஒலியில் அதை நிரூபித்தார். ஆம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது சைரன் ஒலி மாறுதே, அதேதான்.

6) 1950-களில் ஜப்பானின் ஒசாகாவில் சட்டோமுரா இதை இதயத்திலும் ரத்த ஓட்டத்திலும் பயன்படுத்தினார். 1970-களில் சியாட்டிலில் ஸ்ட்ராண்ட்னஸ் குழுவினர் ஸ்கேன் படத்தையும் ரத்த வேகத்தையும் ஒரே கருவியில் சேர்த்தார்கள். 1980-களில் அது வயிற்றுத் தமனிகளுக்கும் வந்தது.

7) தண்ணீர் டியூப் நுனியை விரலால் அழுத்தினால் பீய்ச்சி அடிக்கும் இல்லையா? சுருங்கிய தமனியிலும் ரத்தம் அப்படித்தான் பாயும். 1991-ல் அமெரிக்காவின் ஓரிகன் ஆய்வாளர்கள் அளவு சொன்னார்கள்: குடலின் முக்கியத் தமனியில் வேகம் நொடிக்கு 275 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், 70 சதவீதமோ அதற்கு மேலோ சுருக்கம் இருக்கலாம். சந்தேகம் வந்தால் சி.டி. ஆஞ்சியோ உறுதி செய்யும்.

8) முக்கியமான விஷயம். சாதாரண வயிற்று ஸ்கேனில் இந்த வேகத்தை வழக்கமாக அளப்பதில்லை. கேட்டு எழுதினால்தான் பார்ப்பார்கள். அதனால் "சாப்பிட்டால் வலிக்குது, எடை குறையுது, பீடி சிகரெட் பழக்கம் உண்டு" என்று டாக்டரிடம் முழுசா சொல்லுங்க. வாயு மறைக்கும் என்பதால் வெறும் வயிற்றில் போங்க.

9) திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி என்றால் ஸ்கேனுக்கு நாள் பார்க்காதீங்க. உடனே 108.