கௌமாரியும் வெளஞ்ச நெல்லும்

சித்தப்பா போய் மூணு வருசம் கழித்து அவருடைய பீரோவில் ஒரு சிடி கிடைத்தது. மேலே மார்க்கரில் 'ஊர் வரலாறு, 2003' என்று எழுதியிருந்தார். கம்பத்தில் ஒரு டிடிபி சென்டரில் உட்கார்ந்து அவர் அடிக்க வைத்த புத்தகம் அது. அச்சான பிரதி ஒன்றுகூட வீட்டில் மிஞ்சவில்லை. "அண்ணே, நீ கம்ப்யூட்டர்காரன்தானே, தெறந்து குடு" என்றாள் தங்கச்சி.

ஃபைல் பேஜ்மேக்கரில் இருந்தது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு அடோபி அதை நிறுத்திக்கொண்டது. என் லேப்டாப்பில் இருப்பதோ விண்டோஸ் 11. விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு எக்ஸ்பியை ஏற்றி, அதற்குள் பேஜ்மேக்கரைப் போட்டேன். ஃபைல் திறந்தது. ஆனால் தமிழ் இல்லை, கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் தெரிந்தன.

காரணம் எளிது. அந்தக் கால எழுத்துருக்களுக்கு மொத்தம் 256 இடங்கள்தான். அவற்றில் தமிழை ஆளுக்கொரு வரிசையில் அடுக்கினார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு, தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு வரிசைகளைத் தரப்படுத்தியது. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தாலும், விண்டோஸ் 2000-தான் அதை நம் திரைக்குக் கொண்டுவந்தது. அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். சித்தப்பாவின் புத்தகம் இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டது.

அதே 2010-இன் கடைசியில்தான் மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலும் நின்றது. அகலப்பாதையில் தேனிக்கு 2022-இலும், போடிக்கு 2023-இலும்தான் ரயில் வந்தது. தண்டவாளத்தை மாற்றிவிடலாம், பழைய பெட்டி அதில் ஓடாது. ஃபைலும் அப்படித்தான்.

பழைய எழுத்துரு ஒரு நண்பரின் ஹார்ட் டிஸ்க்கில் கிடைத்தது. தமிழ் வந்தது. பிடிஎஃப் எடுத்து முடித்திருக்கலாம். ஆனால் அதில் எதையும் தேட முடியாது, போனில் படிக்கவும் தோதுப்படாது. யூனிகோடுக்கு மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.

பழைய முறையில் கொம்பு முதலில், எழுத்து அப்புறம். யூனிகோடில் எழுத்துக்குப் பிறகுதான் கொம்பு. திருப்பிப் போட்டால் சரி. ஆனால் வீரபாண்டி கௌமாரியம்மன் 'கெளமாரி' ஆகிவிட்டாள். டைப்ரைட்டர் பழக்கத்தில், ஔகாரத்தின் பின்பாதிக்கும் 'ள'வையே அடித்திருந்தார்கள்.

விதி ஒன்று எழுதினேன்: கொம்பு, எழுத்து, 'ள' என்று வந்து, அந்த 'ள'வுக்குப் புள்ளியோ குறியோ இல்லையென்றால் அது ஔகாரம். கௌமாரி திரும்பி வந்தாள். ஆனால் முல்லைப் பெரியாற்றுத் தண்ணியில் நெல்லு நல்லா 'வெளஞ்சது' என்று ஒரு சம்சாரி சொன்னதைச் சித்தப்பா அப்படியே எழுதியிருந்தார். அது 'வௌஞ்சது' ஆனது. 'வெளக்கு', 'வௌக்கு' ஆனது. இரண்டும் ஒரே குறிகள். எது எது என்று தமிழ் தெரிந்த ஆள் படித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதனால் ஒவ்வொரு 'ள'வாகப் பார்த்துக்கொண்டு முழுப் புத்தகத்தையும் படித்தேன். முதல் தடவையாக.

2003-இல் சித்தப்பா என்னைப் பிழை பார்க்கக் கூப்பிட்டார். "நாளைக்குப் பாக்குறேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு கிரிக்கெட் ஆடப் போய்விட்டேன்.